பதிவில் வராத கால்கள்

பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் அத்தை செத்துப்போன காலையின் பதிவு என் லேப்டாப்பில் இருக்கிறது. நான்கு நிமிடம் பதினொரு நொடி. படம் கிடையாது, குரல் கிடையாது. மலைப்பாதைக்கு அடியில் நான் புதைத்து வைத்த தகடுகள் உணர்ந்த அதிர்வு மட்டும் ஒரு பச்சைக் கோடாக ஓடும்.

அத்தைக்கு வலது கால் இழுக்கும். ஏலக்காட்டில் விழுந்து முறிந்த எலும்பு கோணலாகக் கூடியதால் வந்த இழுப்பு. ஓர் அடி பலமாக, அடுத்த அடி தேய்ந்து. ரப்பர் பூட்ஸ் கல்லில் படும்போதெல்லாம் கோட்டில் ஒரு முள் எழும். ஆறு முப்பத்தெட்டுக்கு முட்கள் தொடங்குகின்றன. பலம், தேய்வு, பலம், தேய்வு. ஆறு நாற்பதுக்கு நிற்கின்றன. பதினேழு நொடி ஒன்றுமில்லை. பிறகு ஓர் அடி, பின்பக்கமாக வைத்தது; குதிகாலுக்கு முன்னால் விரல் பட்டிருக்கிறது. அப்புறம் ஐந்து முட்கள், நெருக்கமாக, தாறுமாறாக. அந்த ஐந்தில் இழுப்பே இல்லை. காலை இழுத்து நடக்கிற பொம்பளை இழுக்காமல் ஓடியிருக்கிறாள். ஆறாவது முள் இல்லை. பாதைக்குப் பக்கத்தில் நாற்பதடிப் பள்ளம். எட்டு மணிக்கு அங்கேதான் எடுத்தார்கள்.

அந்தப் பதிவில் அவளைத் தவிர வேறு எதுவும் இல்லை. எதைப் பார்த்து நின்றாள், எதைப் பார்த்து ஓடினாள் என்று கேட்டால் கோடு பதில் சொல்லாது.

அந்தப் பதிவை உண்டாக்கிய பெட்டியைச் செய்தவள் நான்.

எங்கள் லயம் சாந்தன்பாறைக்கு மேலே, ஒரு ஏலத்தோட்டத்தின் அடியில் இருக்கிறது. இருபத்திரண்டு வீடு, ஒரே கூரை. அங்கிருந்து மேல்காட்டுக்குப் போக ஒரே ஒரு நடைபாதை. அதே பாதையை ஒற்றைக்கொம்பன் யானை ஒருவனும் வைத்திருக்கிறான். அவனுக்கு நேரம் காலம் கிடையாது. லயத்திலிருந்து இன்ஜினியரிங் முடித்த முதல் ஆள் நான். கொச்சியில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்ததும் முதலில் கேட்டு வாங்கிய வேலை இது: யானை வந்தால் பாதைக்கு அடியில் இருக்கும் தகடு உணரும், லயத்து வாசலில் சைரன் கத்தும், பெண்கள் ஏற மாட்டார்கள். ஆள் நடக்கிற சின்ன அடி பதிவாகும், ஆனால் அதற்குக் கத்தாது. ஜூன் மாதம் மாட்டினோம். அன்றைக்கு எடுத்த ஃபோட்டோவில் என் அம்மா இன்பமேரி என்னைவிட அதிகமாகச் சிரிக்கிறாள்.

அத்தை மற்றவர்களுக்கு முன்னால் ஏறுவாள். மேலே ஸ்டோரில் அடுப்பு பற்றவைத்து எல்லோருக்கும் பால் இல்லாத கட்டஞ்சாயா போடுவது அவள் வேலை. சைரன் கத்துகிறதா என்று வாசலில் நின்று காது கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவாளாம். அன்றைக்கும் காது கொடுத்திருக்கிறாள். கத்தவில்லை.

ஏழு மணிக்குப் பிடித்த மழை ஒன்பதுக்குத்தான் விட்டது. தடம் ஒன்றும் மிஞ்சவில்லை. உடம்பில் கொம்புக் காயம் இல்லை, விழுந்த காயம்தான். தோட்டத்து மேனேஜர் ஜோபி சார் என் கம்பெனியிடமிருந்து பதிவை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லிவிட்டார். ஆனை வந்திருந்தால் மிஷின் சொல்லியிருக்கும். சொல்லவில்லை. ஆகவே ஆனை வரவில்லை. ஆகவே சறுக்கி விழுந்தாள்.

லயம் வேறு முடிவுக்கு வந்தது. காலே இல்லாத ஏதோ ஒன்று பாதையில் நிற்கிறது. பெண்கள் ஏற மாட்டோம் என்றார்கள். மூன்று வாரமாக ஜீப்பில் சுற்றுரோடு வழியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை முதல் ஜீப் கிடையாது, பாதை வழியாகத்தான் என்று ஜோபி சார் நோட்டீஸ் ஒட்டினார். அதற்கு ஒரு சர்டிபிகேட் வேண்டியிருந்தது. பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறது, பாதையில் யானை நடமாட்டம் பதிவாகவில்லை. கீழே என் கையெழுத்து.

சனிக்கிழமை என்னை அனுப்பினார்கள்.

பூப்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஜீப்போடு நின்றது ஜெகன். அத்தையின் மகன். என்னோடு ஒன்றாம் வகுப்பு முதல் படித்தவன், பத்தாவதோடு நின்றுவிட்டான். அந்தச் சுற்றுரோடு ஜீப்பை இப்போது ஓட்டுவதும் அவன்தான். பை வாங்கிப் பின்னால் போட்டான். மூன்றாவது வளைவில் கேட்டான்.

"என்ன டெஸ்ட்டு பண்ணப் போற?"

"கேக்குதான்னு பாக்கணும்."

"கேக்கும் கேக்கும். பகல்ல நல்லாக் கேக்கும். போன வாரம் ஆப்பீஸ்ல இருந்து ரெண்டு பேரு வந்து குதிச்சுக் குதிச்சுப் பாத்தாய்ங்க. சினிமாக்காரி கணக்கா கத்துச்சு."

"அப்ப பெட்டியில கோளாறு இல்ல."

"நான் கோளாறுன்னு சொன்னேனா?" அவன் கியரை மாற்றினான். "எங்கம்மா சறுக்கி விழுற ஆளா, ஜின்சி? முப்பது வருசம் அந்தக் கல்லுல நடந்தவ. கண்ண மூடிக்கிட்டே ஏறுவா. ஒம் பெட்டி அவளப் பாத்துச்சா இல்லையா?"

"பாத்துச்சு."

"பக்கத்துல நின்னதப் பாக்கலையாக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. நான் படித்த படிப்பின்மேல், கட்டிய பெட்டியின்மேல், நோட்டீஸ் ஒட்டியவன்மேல். யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாதபோது நான் வாயை மூடிக்கொள்வேன். மூடிக்கொண்டேன்.

பெட்டி, பாதை திரும்பும் இடத்தில் பழைய மோட்டார் ரூமின் வெளிச்சுவரில் இருக்கிறது. பதினொன்றரைக்கு வெயில் சுவரில் அடித்தது. ஜெகனும் நானும் தண்ணீர் நிரப்பிய டிரம் ஒன்றை மேலிருந்து மெதுவாக உருட்டினோம். யானையின் அடி குதிப்பது போல இருக்காது. மெத்தை வைத்தது போல மெதுவாக அழுந்தி மெதுவாக எழும். அதற்கு டிரம்தான் சரி. டிரம் தகட்டுக்கு மேல் வந்ததும் கீழே லயத்தில் சைரன் கத்தியது. மூன்று தடவை உருட்டினோம், மூன்று தடவையும் கத்தியது. லேப்டாப்பில் மெத்தென்ற மேடுகள் அழகாக விழுந்தன. மேடுகளுக்கு இடையில் கோடு லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. காற்று, தூரத்தில் போகும் ஜீப், ஏதாவது ஒன்று.

"பாத்தியா, நல்லாத்தான் கேக்குது," என்றான் ஜெகன். அதை அவன் சொன்ன விதத்தில் நான் தோற்றுப்போனது போல இருந்தது.

பெட்டியின் அடியில் இரண்டு பித்தளை ஸ்க்ரூ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தகட்டிலிருந்து வரும் இரண்டு வயரும் உள்ளே அவற்றில்தான் சேரும். மூடியைத் திறக்க ஆறு ஸ்க்ரூ கழற்ற வேண்டும், மழையில் நின்று அதைச் செய்யச் சோம்பேறித்தனப்பட்டு, வெளியிலிருந்தே மீட்டரை மாட்டுவதற்காக நான் வைத்தது. ரப்பர் மூடி போட வேண்டும் என்று நினைத்தேன், போடவில்லை. ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. மலையில் பித்தளை பூக்கும். மீட்டரை வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் மீட்டரால் அளக்க முடியாத அளவு தடை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

தகடு ரொம்ப ஏழை. மிதித்தால் அதில் ஒரு துளி மின்சாரம் ஊறும், அவ்வளவுதான். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது வெளியே கொடுக்கும்போது உள்ள தடை, மிக மிக அதிகம், யாராவது கொஞ்சம் இழுத்தாலும் கொடுக்க முடியாமல் தீர்ந்துபோகும். அதனால் அதற்குப் பக்கத்தில் சிக்னலைப் பலமாக்கும் சில்லு ஒன்றை, ஓர் ஆப்-ஆம்ப்பை, உட்கார வைப்போம். அதன் இன்புட் இம்பீடன்ஸ் கோடிக்கணக்கான ஓம். எதையும் உறிஞ்சாமல் கேட்கும். கேட்டதை மறுபக்கம் பலமாகத் திருப்பிச் சொல்லும். அந்தப் பக்கம் அவுட்புட் இம்பீடன்ஸ் இல்லாத மாதிரிதான், முந்நூறு மீட்டர் வயரைத் தள்ளிக்கொண்டு சைரன் வரைக்கும் போகும். இந்த வித்தையைப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்களிடம் ஒன்றைக் கேட்க வருகிற எவனும் உறிஞ்சாமல் கேட்டதில்லை.

சாயங்காலம் கொச்சி ஆபீஸிலிருந்து லிபின் சார் கூப்பிட்டார்.

"ஜின்சி, டெஸ்ட் ஓகே தானே? அப்ப சைன் பண்ணி மெயில் பண்ணு."

"நாளைக்கு விடியக்காலம் ஒரு தடவ பாக்கணும் சார்."

"எதுக்கு?"

"அவங்க செத்தது விடியக்காலம். நாம எல்லா டெஸ்ட்டும் மத்தியானம் பண்ணிருக்கோம். பூப்பாறைல இருந்து ஜீப்பு மேல வர பதினொண்ணு ஆகுது, அதுனால."

"நீ ஓவரா யோசிக்கிற."

"ஆமா சார்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மா கஞ்சியும் கருவாடும் வைத்தாள். அத்தையைப் பற்றிப் பேசவில்லை. இருபது வருடம் ஒரே நிரையில் காய் எடுத்தவர்கள். அத்தைக்குச் சுடலைமாடன், அம்மாவுக்கு மாதா. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பாத்திரம் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும். இப்போது அந்தச் சுவரில் சத்தம் இல்லை. அம்மா ஒருதடவை எழுந்து சுவரைத் தட்டப் போனாள். பாதியில் கையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு பூசைக்கு வருவியாடி?"

"வேல இருக்கு."

"ஞாயித்துக்கிழமைகூடவா? வேதமும் வேணாம், மாதாவும் வேணாம், மிஷினு மட்டும் வேணும்."

"ஆமா."

அம்மா சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாம்.

ஐந்தே முக்காலுக்கு நான் மோட்டார் ரூமுக்குள் இருந்தேன். இரும்புக் கதவு, கான்கிரீட் சுவர், பயப்பட வேண்டாம். ஜன்னல் வழியாக வயரை எடுத்து லேப்டாப்பில் போட்டேன். வெளியே மஞ்சு. பனி என்று மற்றவர்கள் சொல்வார்கள், இங்கே எல்லோருக்கும் மஞ்சுதான். இருபதடிக்கு அப்பால் ஏலச்செடிகூடத் தெரியவில்லை. ஓட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

கோடு ஓடியது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ சரியில்லை, என்ன என்று பிடிபடவில்லை. காற்று அடித்தது, செடி ஆடியது, சுற்றுரோட்டில் ஒரு லாரி முனகிக்கொண்டு ஏறியது. கோடு அசையவே இல்லை.

நேற்று மத்தியானம் நடுங்கிக்கொண்டே இருந்த கோடு, இப்போது அளவுகோல் வைத்து இழுத்தது போல இருந்தது. உயிருள்ள காது சும்மா இருக்காது. நான் அத்தையின் பதிவைப் பக்கத்தில் திறந்தேன். முட்களுக்கு நடுவில், அந்தப் பதினேழு நொடியில், கடைசிக்குப் பிறகு, எல்லா இடத்திலும் அதே தட்டைக் கோடு. மூன்று வாரமாக முட்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போது கோட்டில் ஒரு முள் எழுந்தது.

இன்னொன்று. இன்னொன்று. சின்னச் சின்னதாக, சீக்கிரம் சீக்கிரமாக. யாரோ பாதையில் ஏறி வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் யாரும் ஏற மாட்டார்கள். அந்த நடையும் எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். அம்மா.

நேரத்தைப் பார்த்தேன். ஆறு முப்பத்தொன்பது.

முட்கள் நின்றன.

நான் எண்ணவில்லை, ஆனால் திரையின் மூலையில் நொடி ஓடியது. மூன்று. ஐந்து. எட்டு. கோடு தட்டை. பிறகு ஓர் அடி, பின்பக்கமாக.

நான் ஜன்னலுக்குப் போனேன். கீழே பதினைந்தடியில் அம்மா நின்றாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. அவளுக்கு மேலே, எனக்கு நேர் கீழே, மஞ்சு கறுத்து அசைந்தது. முதலில் காது தெரிந்தது. பிறகு ஒற்றைக் கொம்பு. அவன் ஒரு காலை எடுத்துப் பாதையின் நடுவில் வைத்தான். அந்த இடத்தில் எத்தனாவது தகடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நான் என் கையால் புதைத்தது. வைத்த காலை அழுத்தினான். சத்தமே இல்லை. நான் திரும்பி லேப்டாப்பைப் பார்த்தேன்.

கோடு தட்டை.

ஐயாயிரம் கிலோ என் கண் முன்னால் நின்றுகொண்டிருக்கிறது, என் பெட்டி அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. அந்த நேரத்தில் எனக்கு யானையிடம் வந்த பயத்தைவிட அந்தக் கோட்டிடம் வந்த பயம் பெரியது.

கத்தினால் அவன் அம்மாவைப் பார்த்துத் திரும்புவான். ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுப் பெட்டியின் பக்கத்தைத் தடவினேன். சைரனைச் சோதிக்கிற பட்டன் அங்கேதான். அழுத்தினேன். கீழே லயத்தில் சைரன் கத்தியது. வாய் நன்றாக இருந்தது. காதுதான் செத்திருந்தது. அவன் காதை விரித்தான், கீழே பார்த்தான், யோசித்தான். அப்புறம் பாதையைக் கடந்து எதிர்ப்பக்கம் ஏலக்காட்டுக்குள் இறங்கினான். ஏலத் தட்டைகள் ஒடிகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

அம்மா மேட்டுப்பக்கமாக விழுந்து கிடந்தாள். கணுக்கால் திரும்பியிருந்தது. இழுத்து உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தேன். அவள் "மாதாவே மாதாவே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை அப்படியே விட்டுவிட்டு நான் மீட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். இப்படிப்பட்ட மகள்தான் நான்.

இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவில் நாற்பதாயிரம் ஓம். நேற்று மத்தியானம் அளக்கவே முடியாத இடத்தில் இப்போது நாற்பதாயிரம். ஆப்-ஆம்ப் கோடி ஓமோடு காத்திருந்து என்ன பிரயோஜனம்? தகட்டில் ஊறும் துளி, காதுக்குள் போகும் முன்னால் வெளியிலேயே ஒழுகிப்போகிறது. வெடுக்கென்று விழும் பூட்ஸ் அடி ஒழுகுவதற்குள் தப்பித்து உள்ளே வந்துவிடும். யானையின் அடி மெதுவாக எழும். எழுந்து முடிவதற்குள் அதில் ஒன்றும் மிச்சமிருக்காது.

ஸ்க்ரூவைச் சுற்றி இருந்த வெள்ளை, ஈரத்தில் கரைந்து பளபளத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

உள்ளே வந்தேன். அம்மாவின் மடியில் ஒரு பேப்பர் பொட்டலம் இருந்தது.

"அது என்னம்மா?"

"மந்தரிச்ச உப்பு. ஃபாதர்ட்ட வாங்குனது." கணுக்காலைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "தீர்த்தத்துல நனைச்சு அந்த ரெண்டு திருகாணிலயும் சிலுவ போடுவேன். வாரா வாரம் பூசைக்கு முன்னாடி."

"எதுக்கு?"

"நீதானடி சொன்ன. மாட்டுன அன்னிக்கு. இதுதாம்மா காதுன்னு காட்டுன. ஞானஸ்நானத்துல பிள்ளைக்கிக் காதத் தொட்டு மந்திரிப்பாகல்ல, நல்லாக் கேக்கட்டும்னு? அதான். எம்மக செஞ்சதுக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா?"

"எப்ப இருந்து?"

"ஆவணி இருக்கும். மொதல்ல சாந்தம்மாவும் கூட வருவா. பொட்டலத்த அவதான் பிடிச்சுக்கிருவா. எனக்கும் சேத்துப் போடு, எங்க மாடன் கோவிச்சுக்கிற மாட்டான்னுவா." நிறுத்தினாள். "ஏண்டி அப்பிடிப் பாக்குற?"

பூசி மெழுகத் தெரிந்தவள் யாராவது அந்த இடத்தில் இருந்திருக்கலாம். நான்தான் இருந்தேன். சொன்னேன். உப்பு வெயிலில் காய்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது, அதனால்தான் மத்தியானம் பெட்டி நன்றாகக் கேட்கிறது. விடியலில் மஞ்சை இழுத்து ஈரமாகும், ஈரமானால் மின்சாரம் அதன் வழியாக ஒழுகும், பெட்டிக்குக் காது அடைத்துவிடும். நான் அந்த ஸ்க்ரூவை மூடி வைத்திருந்தால் இது நடந்திருக்காது என்பதையும் சொன்னேன். அதை அவள் கேட்டாளா என்று தெரியவில்லை.

பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, "அவ நடந்தது அதுல இருக்காமே. காட்டு," என்றாள்.

காட்டினேன். முட்களை அவள் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பலம், தேய்வு. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை, ஒரு தடவைகூடக் கேட்காமல் படித்தாள். "சாந்தம்மாதான்." முட்கள் நின்ற இடத்தில் விரலும் நின்றது.

"இது என்ன?"

"நின்னுருக்காக. பதினேழு நொடி."

"எண்ணியிருக்கா." அம்மாவின் குரல் மாறியிருந்தது. "ஆனையக் கண்டா அசையாம நூறு எண்ணணும்பா. நூறு முடியறதுக்குள்ள அது போயிரும்பா. எத்தன வாட்டி என் கையப் பிடிச்சுக்கிட்டு எண்ணியிருக்கா." விரல் தட்டைக் கோட்டின்மேல் நகர்ந்தது. "பதினேழுதான் எண்ண விட்டிருக்கு."

திங்கட்கிழமை காலை ஏழு மணி மஸ்டர், ஆள் கணக்கெடுக்கிற நேரம். பெண்கள் சாக்கும் கூடையுமாக ஆபீஸ் முற்றத்தில் நின்றார்கள். ஜீப் ஓரமாக நின்றது, ஸ்டியரிங்கில் ஜெகன். நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். விடியலில் பெட்டி செவிடு, ஆகவே அந்தப் பதிவு எதற்கும் சாட்சி இல்லை. ஒற்றைக்கொம்பன் அதே நேரத்தில் அதே இடத்தில் நேற்றும் வந்தான். காரணம், வெளியே விட்ட ஸ்க்ரூவில் உப்பும் ஈரமும். மூடாமல் விட்டது, வடிவமைத்த நான். உப்பு எப்படி வந்தது என்று எழுதவில்லை. போனில் அதை எழுதச் சொன்னவர் லிபின் சார். "தொழிலாளி கை வச்சதுன்னு போடு, நம்ம டிசைன் தப்பிச்சிரும்," என்றார். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜெகன் இருக்கிறான். அம்மா அந்த லயத்தில்தான் சாகும்வரை இருக்க வேண்டும். நான் போனை வைத்துவிட்டேன்.

ஜோபி சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ கண்டதா ஆனைய?"

"கண்டேன்."

"மஞ்சுல நீ வேற எதாவது கண்டிருக்கும், மோளே. மிஷின் கண்டில்லல்லோ. இப்ப உப்பு எல்லாம் கழுகியாச்சு, அல்லே? பின்ன எந்தா? ஜீப்பு வேண்டா. எல்லாரும் பாதைல நடந்து கேறிக்கோ." பெண்கள் பக்கம் திரும்பினார். "வேற ஆராவது கண்டோ?"

நான் அம்மாவைப் பார்க்காமல் இருந்தேன். பேசாதே என்று அர்த்தம். அவளுக்கு அது தெரியும்.

"நான் பாத்தேன் சார்," என்றாள் அம்மா. சாக்கைக் கட்டிய கணுக்காலோடு நொண்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "என் முன்னாடிதான் நின்னுச்சு."

"ஞாயறாழ்ச்ச விடியக்காலம் நீ அங்கே எதுக்குப் போனது?"

இதுதான் வரும் என்று எனக்குத் தெரியும். பூசைக்குப் போற வழி, விறகு பொறுக்க, கால் மாறி வந்துட்டேன். எத்தனையோ பொய் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைக் கையால் தள்ளினாள்.

"உப்புப் போட. அந்த உப்பப் போட்டது நாந்தான். மந்தரிச்ச உப்பு. வாரா வாரம் போட்டேன். அதுனால மிஷினுக்குக் காது அடைச்சுப்போச்சு. சாந்தம்மா போன அன்னிக்கும் அடைச்சுத்தான் இருந்துச்சு. அவ சறுக்கி விழுகல. ஆனை வந்துச்சு, மிஷினுக்குத் தெரியல, அவ்வளவுதான். காலில்லாத பேயும் இல்ல ஒண்ணும் இல்ல." பெண்களைப் பார்த்தாள். "இந்த மிஷின் பேச்சக் கேட்டுட்டு யாரும் மேல ஏறாதீங்க."

ஒரு கூடை கீழே விழுந்து உருண்டது. யாரோ "அடிப் பாவி" என்றார்கள், மெதுவாக. அம்மா தலையைக் குனியவில்லை. அவள் ஜீப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெகன் நேராக முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. பிறகு சாவியைத் திருப்பினான். வண்டி உதறிக்கொண்டு கிளம்பியது. முற்றத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஏறுங்க," என்றான் பெண்களிடம்.

"எடா, ஞான் பறஞ்சில்லே..." என்று ஜோபி சார் ஆரம்பித்தார்.

"டீசல் நான் போட்டுக்கிறேன் சார். ஏறுங்க எல்லாரும்." பிறகு, அம்மா பக்கம் திரும்பாமலே, "அத்தே, முன்னாடி உக்காருங்க. கால் முடியாதுல்ல."

அம்மா ஏறினாள். வழியெல்லாம் அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதற்குப் பிறகு இன்றுவரை பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் முன்சீட்டை அவளுக்குக் காலியாக வைக்கிறான். அது எதற்கு என்று நான் கேட்டதில்லை. ஜீப்பை யாரும் நிறுத்தவும் இல்லை. என் இரண்டு பக்கத்தின் நகலை நான் வனத்துறை ஆபீஸுக்கும் அனுப்பியிருந்தேன்.

பெட்டியைக் கழுவி, ஸ்க்ரூவை உள்ளே தள்ளி, மூடி மெழுகி வைத்தேன். மூடியைத் திறக்க இப்போது ஆறு ஸ்க்ரூவும் கழற்ற வேண்டும், மழையானாலும். கொச்சியில் என் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு விடியலும் கோட்டைப் பார்க்கிறேன். இப்போது எந்த நேரமும் நடுங்குகிறது. ஒற்றைக்கொம்பன் வரும் நாட்களில் மெத்தென்ற மேடுகள் எழும், சைரன் கத்தும். ஒரு நாள் அந்த மேடுகளை எடுத்து அத்தையின் பதிவுக்குமேல் வைத்துப் பார்த்தேன். பதினேழு நொடிக்குள் ஏழு மேடு சரியாக உட்கார்ந்தன. அதை மூடிவிட்டேன். மறுபடி செய்யவில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறு முப்பத்தெட்டு. கோட்டில் முட்கள் வந்தன. ஓர் அடி பலமாக, அடுத்தது தேய்ந்து. பலம், தேய்வு, பலம், தேய்வு.

நான் படித்தவள், இதற்கெல்லாம் காரணம் சொல்லத் தெரிந்தவள், எழுந்து போய் விளக்கைப் போட்டேன்.

பிறகு புரிந்தது. அம்மாவின் கணுக்கால் கோணலாகத்தான் கூடியது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன், போகவில்லை. சைரன் கத்தாத ஞாயிறுகளில் அவள் ஏறுகிறாள். பெட்டிக்குக் கிட்டே போவதில்லை, எட்ட நின்று கும்பிடுவாளாம். அத்தை நின்ற இடத்தில் போய் நிற்கிறாள்.

காரணம் தெரிந்தும் ஒவ்வொரு வாரமும் எழுந்து போய் விளக்கைப் போடுகிறேன். ஆறு நாற்பதுக்கு அந்த நடை நிற்கும். நான் திரையின் மூலையில் நொடியைப் பார்ப்பேன். பதினேழு வரும்போது கண்ணை மூடிக்கொள்வேன். திறந்தால் கோடு நடுங்கிக்கொண்டே இருக்கும். முப்பது, ஐம்பது, எண்பது. அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். நூறு ஆனதும் ஓர் அடி எழும், பலமாக. அப்புறம் தேய்ந்த அடி. கீழே இறங்குகிறாள்.